பஸ் தகவல் மட்டும்

பனியில் பஸ் நிறுத்தத்தில் நான் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். வழக்கமாக அந்த நேரத்துக்குப் பால்கேன், கேரட் மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ஒரு கூட்டமே இருக்கும். நானோ ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு, இன்றைக்காவது ஜன்னலோரம் இடம் கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். மாட்டை ஓட்டிக்கொண்டு அந்த வழியாக வந்த நல்லசாமி அண்ணன் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன தமயந்தி, யாருக்குக் காத்துக் கெடக்க? பஸ்ஸு பூம்பாறையோட நின்னுபோச்சு, இங்க வராது. எல்லாரும் ஜீப்புல போயிட்டாங்களே. குரூப்புல போட்டிருந்துச்சே, பாக்கலையா? நீதானத்தா அதுக்கு அட்மினு?"

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

போனைத் திறந்து தேடினேன். வேல் பிடித்த முருகன். மயில். மலைப்பூண்டு விலை. வெங்காயத்தை வெட்டி உள்ளங்காலில் கட்டிக்கொண்டு படுத்தால் சளி போய்விடும் என்று ஒருவர். அதையே கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர். யார் வீட்டுப் பிள்ளைக்கோ பிறந்தநாள், அதற்குக் கீழே கும்பிட்ட கைகள், கேக், பலூன். இத்தனைக்கும் நடுவில் மலைக்குப் பின்னால் சூரியன் உதிக்கிற படம் ஒன்று, மேலே 'இனிய காலை வணக்கம்'. அந்தப் படத்துக்கு அடியில் பொடி எழுத்தில், 'பஸ் இன்னைக்கு பூம்பாறையோட சரி. ஜீப் பேசியாச்சு. வெரசா வாங்க'. அனுப்பியது ராஜேஷ்குமார். உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, பஸ் செய்தியைச் சூரியனுக்கு அடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறான்.

அன்றைக்கு எனக்கு அரைநாள் சம்பளம் போனது. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு விடுதியில், அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்கிற பெண்களுக்கு நான் சூப்பர்வைசர். பஸ் வரவில்லை, காட்டுமாடு குறுக்கே நின்றது என்பதெல்லாம் எங்கள் மேனேஜருக்குக் காரணமே இல்லை. எங்கள் ஊர் கூக்காலிலிருந்து வெள்ளனே கிளம்புகிற பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வருமென்று டிரைவருக்கே தெரியாது. இந்தக் கஷ்டத்துக்காகத்தான் நானே அந்த வாட்ஸப் குரூப்பை ஆரம்பித்தேன். பெயரையே 'கூக்கால் - பஸ் தகவல் மட்டும்' என்று வைத்தேன். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை போட்டிருக்கும் மகாதேவி, பஸ் அங்கே புறப்பட்டதும் ஒரு வரி போடுவாள். இங்கே புறப்பட்டதும் நான் ஒரு வரி போடுவேன். முதல் மாதம் அப்படித்தான் போனது. பிறகு ஊரே உள்ளே வந்து, 'மட்டும்' என்ற சொல்லை ஏறி மிதித்துவிட்டது.

இது ஒரு குரூப் என்றால் சமாளிக்கலாம். விடுதி குரூப்பில் விரித்த படுக்கைகளை எல்லாம் படம்பிடித்துப் போடவேண்டும், மற்றவர்கள் விரித்ததைப் பார்த்ததாகக் கட்டைவிரல் காட்டவேண்டும். மகள் சௌம்யாவின் கல்லூரிக்கு ஒரு பெற்றோர் குரூப். பூண்டு விவசாயிகள் குரூப்பில் என் வீட்டுக்காரர் செந்தில்வேல் இருக்க வேண்டும். அவரிடம் இருப்பது பட்டன் போன் என்பதால் அதிலும் நான்தான் இருக்கிறேன். சொந்தக்காரர்கள் குரூப் ஒன்று, அதில் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தவர்கள் ஆரம்பித்த குரூப் ஒன்று. இரண்டிலும் நான் இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் கோபம். பால் பொங்குகிறதா என்று பார்க்க வேண்டிய நேரத்தில், மாமா பேரன் மொட்டை போட்ட படத்துக்கு என்ன பூ போடலாம் என்று தேடிக்கொண்டிருப்பேன். பால் பொங்கி அடுப்பு அணையும். எரிச்சலில் அழுகை வரும்.

"எல்லாத்தையும் படிக்கணும்னு யாரும்மா சொன்னா? சத்தத்தை ஆஃப் பண்ணிரு. வேண்டாததுல இருந்து வெளிய வந்துரு. லைஃப்ல ஒரு பேலன்ஸ் வேணும்" என்பாள் சௌம்யா. இதைச் சொல்லும்போது அவள் கண்ணும் அவள் போனில்தான் இருக்கும்.

சூரியன் விவகாரத்தன்று மத்தியானமே நான் ராஜேஷ்குமாரைக் கூப்பிட்டேன். பாப்பம்மாள் சின்னம்மாவின் ஒரே மகன். கொடைக்கானலில் செல்போன் கடையில் வேலை. கையில் ஒன்றுக்கு இரண்டு போன், இரண்டு மூன்று சிம், தீராத டேட்டா. வேறு கெட்ட பழக்கம் எதுவும் இல்லாத பையன். அதுதான் இப்படி வந்து விடிந்தது.

"அக்கா, எடுத்த எடுப்புல எப்பிடிக்கா சேதி சொல்றது? ஒரு வணக்கம் போட்டுட்டு சொன்னாத்தானக்கா மரியாத."

"ஒங்கிட்ட யாரு மரியாத கேட்டா? வணக்கத்தத் தனியாப் போடு, சேதியத் தனியாப் போடு. ரெண்டையும் ஒண்ணாக் கொழச்சு என் உசுர வாங்காத."

"சரிக்கா. இனிமே தனித்தனியாப் போட்டுர்றேன்" என்றான், ரொம்பப் பணிவாக.

சொன்ன சொல் தவறாத பையன். மறுநாளிலிருந்து ஒன்றுக்கு இரண்டாக வந்தது. முதலில் படம், பிறகு செய்தி. செய்தி இல்லாத நாளில் படம் மட்டும். காலையில் சூரியன், மாலையில் தாமரை, வெள்ளிக்கிழமை என்றால் கூடுதலாக ஒரு குத்துவிளக்கு. ஒரு வாரம் பார்த்தேன். அடுத்த வாரம் அவனைக் குரூப்பிலிருந்து நீக்கினேன். கையோடு, நானும் மகாதேவியும் தவிர யாரும் எதுவும் போடமுடியாதபடி குரூப்பைப் பூட்டினேன்.

அந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. காலையில் போனை எடுத்தால் ஒரே ஒரு வரி. வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைத்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் நீடித்தது. மூன்றாம் நாள் கருப்பம்மாள் மதினி வாசலில் நின்றாள். அவள் வீட்டுக் கன்றுக்குட்டியைக் காணவில்லை, குரூப்பில் போடவேண்டுமாம். பஸ் குரூப்பில் கன்றுக்குட்டி எதற்கு என்றேன். "அது பஸ் ஸ்டாப்பு பக்கமாத்தான் போச்சு" என்றாள். அவளுக்குப் பின்னாலேயே பூண்டு விலை கேட்டு ஒருவர், காதுகுத்துக்கு அழைக்க ஒருவர். முன்பாவது போனை மூடி வைத்தால் நின்றுவிடும். இப்போது கதவைத் தட்டினார்கள், உட்கார்ந்தார்கள், டீ வேறு போட்டுத்தர வேண்டியிருந்தது. ராஜேஷ்குமாரோ குரூப்பிலிருந்து நீக்கியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு நேரடியாகவே சூரியனும் தாமரையும் அனுப்பத் தொடங்கினான். பிளாக் செய்துவிட்டேன். அந்தப் பொத்தானை அழுத்தும்போது, பொய் சொல்வானேன், நன்றாகவே இருந்தது.

எனக்கு வாரவிடுமுறை புதன்கிழமை. அந்தப் புதன்கிழமை மத்தியானம் பிடித்த மழை விடவே இல்லை. சௌம்யா காலையில் குடை எடுக்காமல், என்னுடைய ஊதா ஸ்வெட்டரை மட்டும் மாட்டிக்கொண்டு கல்லூரிக்கு ஓடியிருந்தாள். அதற்காக அவளைத் திட்டித்தான் அனுப்பினேன். சாயங்காலம் மகாதேவி 'புறப்பட்டுச்சு' என்று போட்டாள். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. கரண்ட் போனால் எங்கள் ஊரில் டவரும் போய்விடும். இருட்டத் தொடங்கியும் அவள் வரவேண்டிய பஸ் வரவில்லை. தாமதம் புதிதில்லை என்று அரிசி களைந்தேன். களைந்த அரிசியை உலையில் போடத் தோன்றவில்லை. அதுவரை வாசலிலேயே நின்ற செந்தில்வேல், "பூம்பாறை வரைக்கும் பாத்துட்டு வந்துர்றேன்" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனார். இப்போது நான் கவலைப்பட வேண்டியது இரண்டு பேரைப் பற்றி.

டவர் போன நேரத்தில் ஊர் ஏரிக்கு மேலே ரோட்டு வளைவில் நின்றால் மன்னவனூர்ப் பக்கத்து டவர் கொஞ்சம் எடுக்கும். குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே ஓடினேன். சௌம்யாவைக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. வேறு யார் எண்ணுக்கும் அழைப்பே போகவில்லை. ஆனால் போன் அதிர ஆரம்பித்தது. பெற்றோர் குரூப், பூண்டு குரூப், இரண்டு சொந்தக்காரர் குரூப் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. அதில் ஒரு வீடியோ. 'கொடைக்கானல் மலையில் அரசு பஸ் கவிழ்ந்தது. அதிகம் பகிரவும்.' தேதி இல்லை, ஊர் இல்லை. பனிமூட்டத்தில் ஒரு பஸ் பள்ளத்தில் சாய்ந்து கிடக்க, யாரோ ஓடுகிறார்கள். திரும்பத் திரும்பப் பார்த்தேன். எங்கள் பஸ் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஒருவர் 'இது பழைய வீடியோ' என்று போட்டிருந்தார். இன்னொருவர் 'இல்லை, இன்று மாலைதான், என் மச்சான் நேரில் பார்த்தான்' என்று போட்டிருந்தார். அதற்குக் கீழே கும்பிட்ட கைகள். அதற்குக் கீழே முதல்ரகப் பூண்டு விலை.

இத்தனை பேர் இத்தனை பேசுகிறார்கள், என் பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று சொல்ல ஒருத்தருக்கும் தெரியவில்லையா? என் குரூப்பைத் திறந்து பார்த்தேன். 'புறப்பட்டுச்சு' என்ற ஒரே வரி. நான் ஆசைப்பட்ட மாதிரியே அவ்வளவு சுத்தமாக இருந்தது. எல்லாரும் போடலாம் என்று பூட்டை எடுத்துவிட்டேன். போடத்தான் யாரும் இல்லை. ஊரில் இருப்பவர்களுக்கு டவர் இல்லை, பஸ்ஸில் இருப்பவர்களுக்கும் இருக்காது.

சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு பாப்பம்மாள் சின்னம்மா அந்த மழையில் மேடேறி வந்தாள்.

"எம் மகனும் அதுலதான் வாரான் தமயந்தி. அவங்கிட்டதான் ரெண்டு மூணு சிம்மு கெடக்கே, எந்தக் காட்டுல நின்னாலும் ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு எடுக்கும்பான். ஒனக்கு ஏதும் போட்டானா?"

"அவன் போட்டா எனக்கு வராது சின்னம்மா."

"ஏன்த்தா?"

"நெட்வொர்க்கு சரியில்ல" என்றேன்.

அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு பிளாக்கை எடுத்தேன். மழைத்துளி விழுந்த திரையில் விரல் வழுக்கியது. வழுக்கி வழுக்கி, வேறு யார் யாரையோ திறந்தது. எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட ஆத்திரமாக இருந்தது, மழைமேல், டவர்மேல், குடை எடுக்காமல் போனவள்மேல், மரியாதை தெரிந்த அந்தப் பையன்மேல். கடைசியில் அவன் பெயர் கிடைத்தது. 'சௌம்யா எங்கே' என்று அடித்தேன். அழித்தேன். 'வணக்கம் ராஜேஷ். சௌம்யா எங்கே' என்று அடித்து அனுப்பினேன்.

ஒரு டிக் விழுந்தது. அதோடு நின்றது. சின்னம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் டிக் தெரியும். "ஒத்தையாவே நிக்குதே" என்றாள். குடையை இரண்டு பேர் தலைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றோம். மூன்று குரூப்பில் அந்த வீடியோ மறுபடி வந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் அவள் "அவனா?" என்றாள். ஒவ்வொரு தடவையும் நான் இல்லை என்றேன்.

பிறகு இரண்டு டிக். அவன் பெயருக்குக் கீழே ஏதோ எழுதுவதாகக் காட்டியது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து விழுந்தது ஒரு தாமரை. இளஞ்சிவப்புத் தாமரை, இதழில் பனித்துளி, மேலே 'இனிய மாலை வணக்கம்'. அதற்கு அடியில் ஒன்றுமே இல்லை.

"ஏலே!" என்று நான் போட்ட சத்தம் ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். "என்னத்தா, என்ன ஆச்சு?" என்று சின்னம்மா என் கையைப் பிடித்தாள். அப்போதுதான் அடுத்தது வந்தது, தனியாக. மங்கலான ஒரு படம், அதன்மேல் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம். பாதி சுற்றி நிற்கும், மறுபடி சுற்றும். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது படம் தெளிந்திருந்தது. பஸ்ஸின் முன்விளக்கு வெளிச்சம், ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடக்கும் தைலமரம், அதைச் சுற்றி வேட்டியை மடித்துக் கட்டிய ஆட்கள். ஓரத்தில் என் ஊதா ஸ்வெட்டர். வாய் நிறைய பன்னோடு சௌம்யா, கேமராவைக்கூடப் பார்க்காமல் மரம் வெட்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே, 'எல்லாரும் நல்லா இருக்கோம் அக்கா. மரம் வெட்டிக்கிட்டு இருக்காங்க. மாமாவும் வந்துட்டாரு'.

அப்படியே ஈரத்தில் ரோட்டோரக் கல்மேல் உட்கார்ந்துவிட்டேன். சின்னம்மா என் பக்கத்தில் குனிந்து போனை வாங்கினாள். படத்தில் ஒவ்வொரு முகமாக விரலை வைத்துத் தேடினாள். மரத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பஸ் படிக்கட்டு, ஜன்னல்.

"எம் மகன் எங்கத்தா?"

"அவன்தான் சின்னம்மா எடுத்தது. எடுக்கறவன் எப்பிடி அதுல இருப்பான்?"

அவளுக்கு அது போதவில்லை. மறுபடியும் விரல் முதல் முகத்துக்குப் போனது. நான் போனை வாங்கி, மேலே தள்ளி, தாமரையைப் பெரிதாக்கிக் கொடுத்தேன்.

"இந்தா, இது அவன் இப்ப அனுப்புனது. அவன் கையால."

சின்னம்மா தலையிலிருந்த சாக்கை இன்னும் முன்னால் இழுத்து, மழை படாமல் அதற்குள் போனைப் பிடித்துக்கொண்டாள். திரை அணையப் போகும்போதெல்லாம் பெருவிரலால் மெல்லத் தொட்டாள். ஒவ்வொரு தடவையும் அந்தத் தாமரையின் வெளிச்சம் அவள் முகத்தில் ஏறியது. என் கையில் குடை இருந்தது, போன் இல்லை. சாக்குக்குள் அது அதிர்ந்துகொண்டே இருந்தது.