காத்துதான்

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, என் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேஜையில் கையில் ஊக்கோடு மகளின் டேப்லெட் மேல் குனிந்திருந்தார். பேட்டரி உப்பித் திரையை ஒரு பக்கமாகத் தூக்கிவிட்டிருந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"உள்ள காத்து அடைச்சிருக்கு. எறக்கிவிட்டா அடங்கிடும்."

டயர் கடைக்காரர். உலகத்தில் எது உப்பினாலும் அவருக்குக் காற்றுதான். என் கால் வீங்கினால் காற்று, மகளுக்கு வயிறு வலித்தால் காற்று. அவர் தலைக்குள் இருப்பதும் அதுதான் என்று எனக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. அவருக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

மகள் டேப்லெட்டைத் தலையணைக்கடியில் சார்ஜில் போட்டபடியே தூங்குகிறவள். காலையில் திரை தூக்கியிருந்ததைப் பார்த்ததுமே சார்ஜரைப் பிடுங்கினேன். பால்கனியில் மணல் தொட்டிக்குள் கொண்டுபோய் வைத்தேன், பழைய பேட்டரி வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடலாம் என்று. "நல்லா ஓடுறதத் தூக்கிப் போடுவியா? பைத்தியமா உனக்கு?" என்று மண்ணைத் தட்டி உள்ளே எடுத்து வந்துவிட்டார். பிள்ளையின் தலைமாட்டுக்கு அது திரும்பிப் போய்விடுமே என்பதுதான் என் கவலையெல்லாம்.

"குத்தாதீங்க. தீப்பிடிச்சுக்கும்."

"காத்து எப்படிடி தீப்பிடிக்கும்? தெனம் எத்தன டயருக்கு எறக்குறேன், எனக்கே சொல்லித் தர்றியா?"

எதிர் நாற்காலியில் மகள் கன்னத்தில் கைவைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்திரிச்சு இங்க வாடி" என்று அதட்டினேன். அவள் என் பின்னால் வந்து நிற்கவும் அவர் குத்தவும் சரியாக இருந்தது.

உஸ்ஸென்றது. "பாத்தியா, காத்து" என்று அவர் சிரித்து முடிப்பதற்குள் புகை பொங்கி, நகப்பூச்சு போல ஒரு நெடி அடித்து, குபீரென்று பற்றிக்கொண்டது. ஐயா அதைத் தட்டிவிட்டது மகள் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில். தட்டிவிட்டு, எங்கள் இருவரையும் தாண்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். மகளை வெளியே தள்ளிவிட்டு நான்தான் தொட்டி மணலைக் கொட்டினேன், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன்.

மூச்சு வாங்க வெளியே வந்தால், மாடிப்படியில் அக்கம்பக்கத்தாருக்குப் பிரசங்கம் நடக்கிறது. "இப்பல்லாம் பொருளே சரியில்லீங்க. நல்லவேளை, நான் பக்கத்துல இருந்தேன்." ஊக்கு இன்னும் விரலிடுக்கில் இருந்தது. சீ என்று வந்தது எனக்கு.

மறுநாள் காலை ஒன்றுமே நடக்காதது போலக் கடைக்குக் கிளம்பினார். செருப்பு மாட்டக் குனிந்தபோது சட்டைப்பையிலிருந்து போன் எட்டிப் பார்த்தது. பின்மூடி உப்பி விரிந்திருந்தது. டயர் ட்யூபில் வெட்டிய கறுப்பு ரப்பர் வளையத்தைப் போட்டு இறுக்கியிருந்தார்.

மகளும் பார்த்துவிட்டாள். "அம்மா, அப்பா போனு..." என்று என் கையை இழுத்தாள்.

"போனுக்கு என்னவாம்?" என்றார் அவர், நிமிர்ந்து.

"ஒன்னுமில்லீங்க. காத்துதான்" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். ஒவ்வொரு படிக்கும் சட்டைப்பை அவர் நெஞ்சில் மோதிக்கொண்டே போயிற்று. மகள் அதைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.