ராக்ஸான் வண்டியின் கார்புரேட்டர்

கார்வெட் என்ற பழைய அமெரிக்கக் கார்களுக்குப் போட்டியில் மார்க் போடும் நாங்கள் எல்லோருமே கொஞ்சம் கிறுக்குப் பிடித்தவர்கள்தான். வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று எந்தக் கார்புரேட்டர் இருந்ததோ, அதுதான் இன்றும் இருக்க வேண்டும். அதன் நெற்றியில் எண்ணும் செய்த தேதியும் குத்தியிருக்கும். வண்டிக்குப் பிறகு பிறந்த கார்புரேட்டர் என்றால் மார்க் போச்சு. நன்றாக ஓடுகிறதே என்று கெஞ்சினாலும் மனம் இளக மாட்டோம்.

இந்த விஷயத்தில் எங்கள் இண்டியானா வட்டாரத்துக்கே டுவெய்ன்தான் பெரிய புள்ளி. அவன் பார்த்துச் சொல்வதை எழுதுவது என் வேலை. அவன் பெருமையைக் கேட்பது சம்பளமில்லாத உபரி வேலை. போன வருஷம் முதல் பரிசு வாங்கிய அவனுடைய நீல வண்டியும், அதைவிடப் பெரிய பரிசுக்காக அடுத்த வரிசையில் மினுக்கிக்கொண்டு நின்றது.

அன்று காலை போட்டிக் கொட்டகையில் எங்கள் முன்னால் இருந்தது ராக்ஸானின் சிவப்பு வண்டி. ராக்ஸான் டுவெய்னின் முன்னாள் மனைவி. அவள் அப்பா புதிதாக வாங்கி, சாகும்வரை துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டி அது. போன வருஷம் வேறொரு நடுவர் அதன் கார்புரேட்டரைப் பார்த்து, பிற்காலத்தில் மாட்டியது என்று உதட்டைப் பிதுக்கிவிட்டார். அழுதுகொண்டு நின்றவளிடம், எல்லார் முன்னாலும், டுவெய்ன் ஆறுதல் சொல்லப் போனான்.

"உங்க அப்பாதான் ஒரிஜினல யாருக்காவது வித்திருப்பாரு. ஊருக்கு யோக்கியன் மாதிரி இருந்தாரு, என்ன செய்ய!"

ஆறுதலாம்! பரிசு போனதைவிட அந்தப் பேச்சுதான் அவளை அறுத்தது. அப்படிப்பட்டவள் இந்த வருஷம் தானாகப் போய், டுவெய்ன்தான் என் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

நடுவர்கள் வண்டியைத் தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். சொந்தக்காரர்தான் கழற்றிக் காட்ட வேண்டும். ராக்ஸான் கார்புரேட்டரை மூடியிருந்த காற்று வடிகட்டியின் திருகில் கை வைத்தாள்.

"எழுது அர்லீன். கார்புரேட்டர், பூஜ்யம்" என்றான் டுவெய்ன்.

"இன்னும் தொறக்கவே இல்லையேப்பா. உனக்கு என்ன, எக்ஸ்ரே கண்ணா?"

"போன வருஷமே தெரிஞ்ச கதைதானே. சும்மா எழுது."

"பாத்துட்டுச் சொல்லுங்க, நடுவர் ஐயா" என்றாள் ராக்ஸான், தேன் ஒழுக.

வடிகட்டியை எடுத்தாள். டுவெய்ன் அசட்டையாக டார்ச் அடித்துக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. கண்ணாடியைப் போட்டான், கழற்றித் துடைத்தான், மறுபடி போட்டான்.

"இது... இது என் வண்டியிலதானே இருக்கணும்!"

பக்கத்து வண்டிக்காரர் டோநட்டை வாய்க்குக் கொண்டுபோன கையோடு அப்படியே நின்றார்.

"ஓஹோ" என்றேன். "எங்க, இன்னொரு தடவை சொல்லு!"

டுவெய்ன் ராக்ஸான் பக்கம் திரும்பினான். "இது இங்க எப்படி வந்தது?"

"இங்கேருந்து எப்படிப் போச்சோ, அப்படித்தான். போன மாசம் உங்க அம்மாவப் பாக்க ஆப்பிள் பை எடுத்துட்டுப் போனேன். உன் வண்டி நிக்கிற ஷெட்டுச் சாவியை அவங்களே எடுத்துக் குடுத்தாங்க. 'என் புள்ளையப் பத்தி எனக்குத் தெரியாதா'ன்னாங்க. என் வண்டியில நீ மாட்டி வச்சிருந்தத உன் வண்டியிலேயே மாட்டிட்டேன். பரிசு வாங்கின மிதப்புல நீ தொறந்தே பாக்கல."

எனக்குச் சிரிப்பு முட்டியது.

"தேதி?" என்று கேட்டேன்.

"வண்டிக்கு முந்தினது" என்றான். "சரியானது. முழு மார்க் போடு."

"மார்க் கெடக்கட்டும்" என்றாள் ராக்ஸான். "எங்க அப்பா பேரத் திருப்பிக் குடு. போன வருஷம் எல்லார் முன்னாடியும்தானே சொன்னே?"

கொட்டகையில் பாதிப் பேர் எங்களைச் சுற்றி நின்றார்கள். டுவெய்ன் டார்ச்சை அணைத்தான்.

"உங்க அப்பா எதையும் விக்கல. நான்தான் கழட்டினேன்."

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

"அவர் விக்கல! நான்தான் திருடினேன்!"

ராக்ஸான் வடிகட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவிலும் ஓவென்று அழுதாள்.