இன்னாசியின் கிட்டார் மேடையேறிய நாள்

ராயபுரத்தில் வாசகசாலை மாடியில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். ரயில்வே கிளார்க் அம்புரோஸ் ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குத் தனியாளாகக் கிட்டார் வாசித்துப் பாடுகிறான் என்று கீழே தட்டி வைத்திருந்தது. இன்னாசி பாட்டுக் கேட்க வரவில்லை. கிட்டாருக்குக் காவலாக வந்திருந்தான்.

கிட்டார் அவனுடையது. துறைமுகத்தில் சுமை தூக்கும் விஞ்ச் ஓட்டிக்கொண்டிருந்தவன். அறுபத்தேழாம் வருஷம் இரும்பு வடம் இழுத்ததில் இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. அதற்கப்புறம் அவனுக்கு கேட்டில் காவல் வேலை, கிட்டாருக்கு பீரோ மேல் இடம். அதை அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மனைவி ஃப்ளோரா அம்புரோஸிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். இன்று மத்தியானம்தான் தெரிந்தது. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவன் இதுவரை அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அம்புரோஸ் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரம்பித்தான். மைக் கிடையாது. விரல் மாற்றும்போதெல்லாம் அவன் மோதிரம் மரத்தில் இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் இன்னாசி நாற்காலியில் நெளிந்தான்.

"அத்த இன்னாத்துக்குக் குட்த்தே?" என்றான் கடைசியில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃப்ளோராவிடம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நாலு வர்சமா கரப்பான்தான் வாசிச்சிகினு இருந்துச்சு. ஒரு மன்சன் வாசிக்கட்டுமே. சும்மா குந்துய்யா."

அவனால் குந்த முடியவில்லை. எழுந்து படிக்கட்டுக்குப் போய் பீடி பற்றவைத்தான். அங்கே அவன் கிட்டாரின் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது. பாதி பீடியை அணைத்துவிட்டு, பலர் காலை மிதித்துக்கொண்டு திரும்பி வந்தான்.

நாலாவது பாட்டில் ஒரு கம்பி சுருதி இறங்கிவிட்டது. அம்புரோஸ் கவனிக்காமல் பாடிக்கொண்டே போனான். இன்னாசி பொறுத்துப் பார்த்தான். பிறகு தன்னையறியாமல் எழுந்து நின்றான்.

"அம்புரோசு, மூணாங்கம்பி எறங்கிக்கீது."

பாட்டு நின்றது. எல்லாத் தலையும் திரும்பியது. அம்புரோஸ் அவசரத்தில் வேறொரு முறுக்காணியைத் திருகினான்.

"அத்தில்ல. பக்கத்துது."

யாரோ சிரித்தார்கள். ஃப்ளோரா அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். காது சுட, தலை குனிந்துகொண்டான். அப்போதுதான் முழங்கால் மேலிருந்த தன் வலது கை கண்ணில் பட்டது. அதன் விரல்கள் வேட்டியை அழுத்திக்கொண்டிருந்தன. அம்புரோஸ் பிடி மாற்றும் இடத்தில் அவையும் மாறின; அவன் தப்பாக மாற்றிய ஓர் இடத்தில் அவை சரியாக மாறின. இடது கையில் மிச்சமிருந்த விரல்கள் தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தன.

அதற்குமேல் ஒரு பாட்டும் அவன் காதில் ஏறவில்லை. எப்போது முடியும் என்றிருந்தது.

கைதட்டல் ஓய்வதற்குள் மேடைக்குப் போய்விட்டான். "குடு."

"அண்ணே, அடுத்த வாரம் காசிமோட்டுல பாடச் சொல்லிக்கீறாங்கோ. அதுவரைக்கும்..."

"வேற பாரு."

கிட்டாரைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தான்; ஃப்ளோரா பின்னால் வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் பாயில் உட்கார்ந்து கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

"இன்னா, ஒடைக்கப் போறியா?"

"மாத்திக் கட்டறேன். கீழ்க்கம்பி மேல, மேல்கம்பி கீழ. சோத்தாங்கையில புட்ச்சிக்கலாம்."

அவள் புரியாமல் நின்றாள். தடித்த கம்பி, மெல்லிய கம்பிக்கு வெட்டிய பள்ளத்தில் உட்காரவில்லை. அரத்தை எடுத்து ராவினான். அடுப்பில் குழம்பு கொதித்து இறங்கும்போது ஆறு கம்பியும் ஏறியிருந்தன. வலது விரல்களால் பிடித்து, இடது கட்டை விரலால் இழுத்தான். தகரத்தைத் தேய்த்தது போலிருந்தது. பக்கத்து வீட்டு செல்லம்மா ஜன்னலைச் சாத்தினாள்.

"அம்புரோசே தேவலாம்" என்றாள் ஃப்ளோரா.

"ஆமா" என்றான் இன்னாசி. விரலைச் சற்று நகர்த்தி மறுபடி அழுத்தினான்.