எல்லம்மாள் குதித்த கடல்

1996 மாசியில், பழைய படச்சுருள்களைச் சேகரிக்கும் ராகவன் செங்கல்பட்டில் பார்வதம்மாளைக் கண்டுபிடித்தான். ஊமைப்படக் காலத்தில் நான்கு படங்களில் கதாநாயகியாக நடித்தவர். இப்போது வயது எண்பத்து மூன்று. ரயில்வே குமாஸ்தா ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு சினிமாவைப் பற்றி வாய் திறந்ததேயில்லை.

"உங்க படத்துல பத்து நிமிஷம் கிடைச்சிருக்கும்மா. மகாபலிபுரம் பாறையிலேருந்து கடல்ல குதிப்பீங்களே, அந்த இடம்."

"குதிச்சது நான் இல்லப்பா."

பார்வதத்துக்கு நீச்சல் தெரியாது. அவருடைய சேலையைக் கட்டிக்கொண்டு குதித்தவள் நெம்மேலி மீனவப் பெண் எல்லம்மாள். முதல் தடவை நன்றாகவே வந்தது. படக் கம்பெனி முதலாளிதான் இன்னொரு தடவை வேண்டுமென்றார். அப்போது அலை அவளைப் பாறையில் அடித்தது. மறுநாள் உடல் கரை ஒதுங்கியது. படம் வெளிவந்ததும் பத்திரிகைகள் பார்வதத்தின் துணிச்சலைப் புகழ்ந்தன. அவர் மறுக்கவில்லை. ஆனால் அதன்பின் கேமரா முன்னால் அவரால் நிற்க முடியவில்லை. அந்த வருஷத்தோடு நடிப்பை விட்டுவிட்டார்.

ராகவன் அந்தச் சுருளிலிருந்து எடுத்த ஒரு புகைப்படத்தைப் பையிலிருந்து எடுத்தான். குதிப்பதற்கு முன் ஒரு பெண் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"இது நீங்கன்னு நினைச்சேன்."

பார்வதம்மாள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "என்னை நெம்மேலிக்குக் கூட்டிண்டு போ."

அங்கே எல்லம்மாளின் தம்பி கருப்பன் உயிரோடு இருந்தார். பார்வதம்மாள் எதையும் மறைக்காமல் சொன்னார். கருப்பன் புகைப்படத்தை வாங்கிப் பார்த்தார்.

"எனக்கு அப்ப ஏழு வயசு. எங்கம்மாவுக்குக் கடைசில அக்கா மொகமே மறந்துபூட்ச்சு. அதச் சொல்லிச் சொல்லி அழுவும். நீ அப்பவே வந்திருக்கலாம் இல்ல?"

"வந்திருக்கணும். பேர் போயிடுமோன்னு பயந்துட்டேன்."

கருப்பன் உள்ளே திரும்பி, "லதா, இங்க வா. படத்துல உன் பெரியாயாவப் பாரு, உன்ன மாதிரியே சிரிச்சுகினு கீது," என்று பேத்தியைக் கூப்பிட்டார்.

திரும்பும் வழியில் ராகவன் கேட்டான்: "படத்தைப் பத்தின குறிப்புல என்னம்மா எழுதட்டும்?"

"முதல்ல அவ பேரை எழுது. ஊரையும் எழுது. என் பேர் அப்புறம் வரட்டும்."

ஆடியில் சென்னையில் அந்தப் பத்து நிமிஷத்தைத் திரையிட்டார்கள். கருப்பன் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பார்வதம்மாள் கடைசி வரிசைப் பக்கம் போவதைப் பார்த்ததும், தன் பக்கத்து நாற்காலியைத் துண்டால் தட்டினார்.

"அங்க ஏன் போற? இங்க வந்து குந்து."