ஹெட்விக் எழுதிய பதினாறு நாள்

ஆக்ஸ்பர்க் பல்சக்கரத் தொழிற்சாலை அலுவலகத்தில் அடுத்த ஆண்டுக்கான விடுப்புப் பட்டியலை, வேண்டிய நாள்களில் அவரவர் பெயரை எழுதிக்கொள்ள, நவம்பரில் ஒட்டுவார்கள். அதற்கு முந்தைய வாரமே ஹெட்விக் பவேரிய நாட்காட்டியை அலசிவிட்டாள். அரசு விடுமுறையான பெந்தெகொஸ்தே திங்களுக்கும் அடுத்த வாரத்து நற்கருணைத் திருநாள் வியாழனுக்கும் இடைப்பட்ட வேலைநாள்கள், அதற்கு மறுநாள் வெள்ளி, எல்லாம் சேர்த்து எட்டே நாள் விடுப்பு போட்டால் வார இறுதிகளோடு தொடர்ச்சியாகப் பதினாறு நாள் கிடைக்கும். சைக்கிளிலேயே ஆல்ப்ஸைக் கடந்து வெனிஸ் போய்விடலாம். முழங்கால் அறுவைக்குப் பிறகு அவள் தனக்குத்தானே கட்டிக்கொண்ட பந்தயம் அது.

ஆனால் அதே இரண்டு வாரம்தான் பள்ளி விடுமுறையும். பிள்ளை உள்ளவர்களுக்கே முன்னுரிமை என்று பக்கத்து மேசை கெர்னோட் பதினோரு வருடமாக அதை எடுத்துவந்தான். இருவரில் ஒருவர் அலுவலகத்தில் இருந்தே ஆகவேண்டும்.

பட்டியல் ஒட்டிய காலையில் அவன் வந்து பார்த்தபோது அந்த நாள்களில் அவள் பெயர் இருந்தது.

"என்ன ஹெட்விக், என் நாள்ல கை வச்சுட்ட? புள்ளகுட்டிக்காரன் நான்."

"உன் கடைக்குட்டி கிலியான் போன கோடையிலயே பள்ளிக்கூடம் முடிச்சாச்சு. தச்சுப்பட்டறையில சேர்ந்தான்னு நீதானே எல்லாருக்கும் கேக் குடுத்த?"

பட்டியலில் கையெழுத்துப் போட வந்து நின்ற மேலாளர் அம்மாவைக் கெர்னோட் பார்த்தான். "நான்கூட ரெண்டு துண்டு தின்னேனே," என்றபடி அவர் கையெழுத்துப் போட்டார்.

அவன் முகம் தொங்கியது. "இதுக்காகவே காத்திருந்தியா?"

"பதினோரு வருஷமா. விண்ணேற்றத் திருநாள் வியாழன் எப்படியும் லீவு, மறுநாள் வெள்ளிய நீ எடுத்துக்கோ, நாலு நாள் சேரும். நான் வேலைக்கு வந்துடறேன்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே பேனாவை எடுத்தான்.

அன்று மாலை ஹெட்விக் மழையென்றும் பாராமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த மேட்டுக்குப் போனாள். முழங்கால் வலித்தது. ஆனாலும் பாதியில் இறங்காமல் உச்சி வரை மிதித்தாள்.