ஒத்தக்கால் மாதம்

மேலப்பாளையத்து ஷம்ஸியாவுக்குக் கட்டி வந்து இடது சினைப்பையை எடுத்த பிறகு, ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் அவளுடைய இடது கால் தரையில் படவில்லை. பிறை கண்ட மாலையில் ஒரு விரல்கடை உயரம் எழும்பும், அடுத்த பிறைக்கு இறங்கிவிடும். நடக்க இடைஞ்சல் இல்லை. அந்தக் கால் செருப்பு மட்டும் பாதிதான் தேய்ந்தது.

எதையும் சந்தேகப்படாமல் மாமியார் ஆபிதா பீவிக்குச் சோறு இறங்காது. தினமும் முற்றத்தைக் கழுவிவிட்டு மருமகளை நடக்கச் சொல்லி ஈரத்தடத்தைப் பார்ப்பார். இரண்டு காலும் பதிந்தால் பிள்ளை தங்கும் மாதம், ஒற்றைக்கால் என்றால் வெறும் மாதம் என்று அவராகவே முடிவுகட்டிவிட்டார். மகன் இர்ஷாத் சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். அவனுக்கு லீவு கிடைக்கும்போதெல்லாம், "இது ஒத்தக்கால் மாசம்லா, வந்து என்னத்துக்கு? அடுத்த பிறைக்கு வா" என்று போனில் தடுத்தார். கம்பெனி பிறை பார்த்தா லீவு கொடுக்கும்? நான்கு வருடத்தில் அவன் வந்தது இரண்டே தடவை. "அவுக வரட்டும் மாமி" என்று ஷம்ஸியா ஒருமுறை சொன்னதற்கு, "ஒனக்கு என்ன ஏட்டி இம்புட்டு அவசரம்?" என்று அதையும் சந்தேகப்பட்டார். அடுத்த தெரு கமர் நிஷா, இர்ஷாத்துக்கு இரண்டாவது நிக்காஹ் முடிக்கப் பெண் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அடுப்படியில் நின்ற ஷம்ஸியாவுக்கு அது நன்றாகவே கேட்டது.

போன வருடம் இர்ஷாத் யாரையும் கேட்காமல் வந்து இறங்கினான். ஒத்தக்கால் மாதம். பன்னிரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். அடுத்த இரண்டு பிறைக்கும் ஷம்ஸியாவுக்கு நாள் தள்ளிப்போனது. ஆபிதா பீவி சந்தோஷப்படவில்லை. வெறும் மாதத்தில் எப்படித் தங்கும் என்று விரல் மடக்கினார், கேபிள்காரரையும் கொரியர்காரரையும் நினைத்துப் பார்த்தார், மகனுக்குப் போன் போட்டார். "உம்மா, நான் அவகூடத்தான இருந்தேன். காலு எங்கன இருந்தா எனக்கு என்ன?" என்றான் அவன். அதுவும் போதாமல், மருமகளைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டையில் கோமு டாக்டரிடம் போய், "ஒத்தக்கால் மாசத்துல புள்ள தங்குமா டாக்டரம்மா?" என்று கேட்டார். டாக்டர் குனிந்து, தரையில் படாத காலைப் பார்த்தார். "காலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணை எடுத்தாலும், இருக்கிற ஒண்ணுல இருந்து அநேகமா மாசாமாசம் முட்டை வரும். மாசத்தைப் பங்கு போட்டது யாரு?"

திரும்பும் பஸ்ஸில் ஆபிதா பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தான் தடுத்த மாதங்களில் ஏதோ ஒன்றில் பிள்ளை தங்கியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டுப் பழகாத மனுஷி. குலவணிகர்புரம் வந்ததும், "புளிப்பா எதாவது வேணுமா ஏட்டி?" என்று மட்டும் கேட்டார். ஷம்ஸியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் எனக்குப் படுகிறது.

பெண் குழந்தை பிறந்தது. நாற்பதாம் நாள் வந்த கமர் நிஷா, "புள்ள யாரு சாயலோ" என்று இழுத்தாள். "என் சாயல்" என்று ஆபிதா பீவி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார். அவள் போனதும் மகனுக்குப் போன் போட்டார். "எந்த மாசம் லீவு கிடைக்கோ அந்த மாசமே வாலே." இடது கால் தரைக்கு மேல் நிற்கத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஷம்ஸியா, வந்து போனை வாங்கினாள்.

"டிக்கெட்டப் போட்டுட்டுப் பேசுங்க" என்றாள்.