ரொட்டிப் புட்டிங் படையல்

என் வீட்டுக்காரர் சாமிநாதன் மலாயாவில் ஜாசின் ஊர்ப் பக்கத்து எஸ்டேட்டில் துரை பங்களாவின் சமையல்காரர். வெள்ளைக்காரர்களின் இனிப்புகளில் அவருக்கு உயிர் ரொட்டிப் புட்டிங்தான். பழைய ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, முட்டை அடித்து ஊற்றி, காய்ந்த திராட்சை தூவிச் சுடுவது. ரொட்டியை வீசியெறிய மனசில்லாத ஏழை வெள்ளைக்காரி எவளோ அந்தக் காலத்தில் கண்டுபிடித்ததாம்.

"நம்மள மாதிரி ஆளுங்க பண்டம் புள்ள அது" என்பார். பேச்சிலேயே எனக்கு ஊட்டிவிட்டார், மகராசன்.

அப்போது வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று ஒரு பிடி சோறுகூட கேட்டைத் தாண்டக்கூடாது. பங்களாவுக்குச் சாமான் வாங்க லோரியில் போனவரை அந்தக் கம்யூனிஸ்டுகள்தான் வழிமறித்துச் சுட்டார்கள்.

கருமாதியன்று அவருக்குப் பிடித்ததைக் குழிமேட்டில் படைக்க வேண்டும். இடுகாடோ வேலிக்கு வெளியே. அவர் சொன்னதையெல்லாம் நினைத்து நினைத்து, சட்டியின் மேலும் கீழும் தணல் போட்டு நானே புட்டிங் செய்தேன். படையலை ருசி பார்க்கக் கூடாது. அதனால் அது புட்டிங்தானா என்பதே எனக்குத் தெரியாது.

கேட்டில் பெண்களைச் சோதிப்பவள் எங்கள் லயத்து மீனம்மா. புட்டிங் இருந்த தூக்குவாளியைத் திறந்ததுமே அவள் முகம் செத்துவிட்டது.

"அக்கா, இது வெளிய போகாதுலா."

"செத்தவருக்குடி."

"தெரியும்க்கா. சார்ஜன் பாத்துக்கிட்டு நிக்கிறான், கொட்டச் சொல்லுவான். இங்கயே தின்னுட்டுப் போயிரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரைச் சுட்டவனுக்கே நான் சோறு சுமப்பேனாம்! கத்தி என்ன ஆகப்போகிறது? மண்ணில் கொட்ட மனம் வரவில்லை. கேட்டடியில் குந்தித் தின்றேன். நன்றாகத்தான் வந்திருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடைசி வாயை மட்டும் விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். மீனம்மா என் முந்தானையை உதறினாள். உப்பிய கன்னத்தையும் பார்த்தாள். வழிவிட்டாள்.

குழிமேட்டில் இலையை விரித்து, வாயில் இருந்ததைக் கையில் எடுத்து வைத்தேன்.

"எச்சிலாப் போச்சுங்க. வேற வழி தெரியல. இதையே எடுத்துக்குங்க" என்று கும்பிட்டேன்.

அவர் போன நாளிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.